ஒரு பல்பு போனால் சீரியல் செட் முழுவதும் ஏன் அணைகிறது?

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வாசலில் கட்டிய பழைய சீரியல் செட்டில் ஒரே ஒரு பல்பு போனதும் சரம் முழுவதும் அணைந்துவிட்டதாம். வீட்டுக்குள் ஒரு பல்பு போனால் மற்றவை பாட்டுக்கு எரிகின்றனவே, அது எப்படி என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி மகளுடையது. பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் பாடம் நடக்கிறது. தொடரிணைப்பில் 40 வாட் பல்புதான் 100 வாட் பல்பைவிடப் பிரகாசமாக எரியும் என்று படித்துவிட்டு வந்து சொல்கிறாள். வீட்டில் 100 வாட்தானே பளிச்சென்று எரிகிறது, புத்தகத்தில் தப்பா என்று கேட்கிறார்.

புத்தகமும் சரி, வீட்டில் நீங்கள் பார்ப்பதும் சரி. நான் காட்பாடிப் பக்கம் பல வருடம் ஒயரிங் வேலை செய்து, அப்புறம் பிள்ளைகளுக்கு எலக்ட்ரீஷியன் டிரேடு சொல்லிக்கொடுத்தவன். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காத பிள்ளையைவிடக் கேட்கிற பிள்ளைக்குத்தான் பாடம் புரியத் தொடங்கியிருக்கிறது என்று நினைப்பேன். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

சீரியல் செட்டிலிருந்தே தொடங்கலாம். அந்தப் பெயரிலேயே விடை இருக்கிறது. ‘சீரீஸ்’ என்றால் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பது. பாடப்புத்தகம் அதைத் தொடரிணைப்பு என்கிறது. பழைய சரத்தில் இருக்கும் குட்டி பல்பு ஒவ்வொன்றும் 6 வோல்ட் பல்பு. அதை நேராக 230 வோல்ட்டில் மாட்டினால் கண் இமைப்பதற்குள் போய்விடும். அதனால் 38 பல்புகளைப் பூக்கோத்த மாதிரி ஒரே கம்பியில் கோக்கிறார்கள். 230ஐ 38ஆல் வகுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் 6 வோல்ட்டுக்குச் சற்று மேல் வரும். வோல்டேஜைப் பல்புகள் பங்கு போட்டுக்கொள்கின்றன.

ஆனால் மின்னோட்டத்தை அவை பங்கு போடுவதில்லை. முதல் பல்பு வழியாக எவ்வளவு கரண்ட் போகிறதோ அதே அளவுதான் பத்தாவது பல்பு வழியாகவும், கடைசிப் பல்பு வழியாகவும் போகிறது. நடுவில் பிரிந்து போக வேறு வழியே இல்லையே. முதல் பல்பு கரண்டைத் தின்றுவிட்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தரும் என்று பலர் மனதில் ஒரு படம் இருக்கிறது. அப்படியிருந்தால் சரத்தின் கடைசிப் பல்பு மங்கலாக எரிய வேண்டும். வாசலில் போய்ப் பாருங்கள், இந்த முனையும் அந்த முனையும் ஒரே மாதிரிதான் எரியும். பல்பு எடுத்துக்கொள்வது ஆற்றலை. கரண்ட் முழுசாகத் திரும்பிப் போகிறது.

இப்போது ஒரு பல்பின் இழை அறுந்தால், இருக்கிற ஒரே பாதையும் அறுந்த மாதிரி. கரண்ட் எங்கேயும் ஓடாது. சரம் மொத்தமும் இருட்டு. முதல் கேள்விக்கு விடை அவ்வளவுதான். இதில் பலரும் கவனிக்காத ஒரு ஆபத்து இருக்கிறது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கரண்ட் ஓடாத நேரத்தில் நல்லாயிருக்கும் 37 பல்புகளிலும் வோல்டேஜ் இறங்குவதில்லை. அப்படியானால் அந்த 230 வோல்ட்டும் எங்கே நிற்கிறது? அறுந்த இடத்தின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் முழுசாக நிற்கிறது. “6 வோல்ட் பல்புதானே” என்று ஹோல்டரிலிருந்து பல்பைப் பிடுங்கி உள்ளே விரலை வைத்தால் அடிப்பது 6 வோல்ட் இல்லை, வீட்டு மின்சாரமே அடிக்கும். சுவிட்சை அணைத்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். இரண்டு பின் பிளக்கை எப்படி வேண்டுமானாலும் திருப்பிச் செருகலாம், தற்காலிகமாக இழுத்த லைனில் சுவிட்ச் எந்தக் கம்பியில் இருக்கிறது என்பதும் சொல்ல முடியாது, அதனால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் சரத்தில் மின்சாரம் நிற்கலாம். பிளக்கைக் கையில் பிடுங்கி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் பல்பைத் தொட வேண்டும்.

திருவிழா அவசரத்தில் இன்னொன்றும் நடக்கும். போன பல்பை எடுத்துவிட்டு இரண்டு கம்பியையும் முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். சரம் மறுபடி எரியும். ஒன்று இரண்டுக்கு இது தாங்கும். எட்டு பல்பை இப்படிக் கழித்துவிட்டால் மிச்சம் முப்பதுதான், ஒவ்வொன்றின் தலையிலும் 7.7 வோல்ட் ஏறும். பளபளவென்று எரியும், அன்றைக்கு அழகாகவே இருக்கும். வாட் கணக்கில் பல்பு ஒவ்வொன்றும் தன் அளவைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேலை செய்கிறது, அதனால் அடுத்தடுத்து வரிசையாகப் போகத் தொடங்கும். எங்களிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த ஒரு பையன், “இன்னாணா, ஒண்ணு சரி பண்ணா இன்னொண்ணு போவுது” என்று சலித்துக்கொள்வான். சரி பண்ணிய விதம்தான் அடுத்ததைப் போக்கியது என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் பக்கத்துக் கடையில் போய் ஒரு டஜன் புது பல்பு வாங்கிவந்தான்.

இன்றைய எல்இடி சரங்களில் மொத்தமும் அணையாமல், ஒரு பகுதி மட்டும் இருட்டாவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் சில பல பல்புகள் ஒரு தொடராகவும், அப்படிப்பட்ட பல தொடர்கள் பக்கம் பக்கமாகவும் இருக்கும். போன பல்பு எந்தத் தொடரில் இருக்கிறதோ அது மட்டும் அணையும்.

சரி, வீட்டுக்குள் வருவோம். வீட்டு ஒயரிங் பக்க இணைப்பு. கரண்ட் வரும் பேஸ் ஒரு கம்பி, அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒரு கம்பி, இரண்டும் வீடு முழுக்க ஓடுகின்றன. ஒவ்வொரு விளக்கும் ஃபேனும் இந்த இரண்டுக்கும் நடுவில் தனித்தனியாக நிற்கிறது, ஏணியில் படிகள் நிற்கிற மாதிரி. ஒரு படி உடைந்தால் மற்ற படிகளுக்கு ஒன்றும் ஆகாது. ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கிறது. இங்கே பங்கு பிரிவது கரண்ட்.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு இதை ஏரியை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நின்று பாருங்கள். கரையில் பல மதகுகள். எந்த மதகைத் திறந்தாலும் அதன்மேல் அழுத்துவது அதே ஏரியின் அதே நீர்மட்டம். ஒரு மதகை மூடினால் மற்ற மதகில் நீர் நிற்பதில்லை. பெரிய மதகில் நிறையவும் சின்ன மதகில் கொஞ்சமாகவும் போகிறது. எல்லாவற்றிலும் போகிற நீரைக் கூட்டினால் ஏரியிலிருந்து வெளியேறும் மொத்த நீர். நீர்மட்டத்தை வோல்டேஜ் என்றும், நீரோட்டத்தைக் கரண்ட் என்றும், மதகின் குறுகலைத் தடை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பக்க இணைப்பின் விதி முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

பிள்ளைகள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. தொடரில் தடைகளைக் கூட்டினால் தடை கூடுகிறது, அது இயல்பாக இருக்கிறது. தடையை ஓம் என்ற அலகில் அளக்கிறோம். 10 ஓம், 10 ஓம், மொத்தம் 20 ஓம். பக்க இணைப்பில் அதே இரண்டும் சேர்ந்து 5 ஓம் ஆகிவிடுகிறது. தடையைச் சேர்த்தால் தடை எப்படிக் குறையும்? பள்ளிகொண்டா டோல்கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கவுண்டர் வண்டிகளைத் தடுத்து நிறுத்துகிறது, உண்மைதான். ஆனால் பக்கத்தில் இன்னொரு கவுண்டரைத் திறந்தால் நெரிசல் குறைகிறது. இரண்டாவது கவுண்டரும் ஒரு தடைதான், அதோடு அது ஒரு புது வழியும்கூட. அதே சாலையில் அடுத்தடுத்து இரண்டு டோல்கேட் வைத்தால் அது தொடரிணைப்பு, தாமதம் கூடும்.

வீட்டுக் கணக்கும் பார்த்துவிடலாம். ஃபேன் 75 வாட் என்றால் 0.33 ஆம்பியர். மிக்ஸி 750 வாட், 3.3 ஆம்பியர். அயன் பாக்ஸ் 1,000 வாட், 4.3 ஆம்பியர். கீசர் 2,000 வாட், 8.7 ஆம்பியர். காலை ஏழு மணிக்கு நான்கும் ஒன்றாக ஓடினால் மெயினில் கிட்டத்தட்ட 16.6 ஆம்பியர் போகும். மோட்டார் உள்ள சாமான்களுக்கு இந்தக் கணக்கு தோராயம்தான், ஆனாலும் போதும். கீசரின் தடை மட்டும் 26 ஓம் சொச்சம், நான்கும் சேர்ந்தால் 14 ஓம்கூட இல்லை. சாமான் சேரச் சேரத் தடை குறைகிறது, பொதுவான கம்பியில் கரண்ட் ஏறுகிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒயர் சூடாவதற்கு இதுதான் காரணம். அந்தப் பாக்ஸில் நான்கு சாக்கெட் இருந்தாலும் பின்னால் வருவது ஒரே ஒரு மெல்லிய ஒயர்.

இப்போது உங்கள் மகளின் கேள்வி. ஜெர்மன் விஞ்ஞானி ஓம் தன் விதியை 1827இல் வெளியிட்டார்: வோல்டேஜைத் தடையால் வகுத்தால் கரண்ட். அதோடு, வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கினால் வாட். இந்த இரண்டு வரி போதும். பல்பின் மேல் எழுதியிருக்கும் ‘100 வாட்’ என்பது அந்தப் பல்பு பிறக்கும்போதே கொண்டுவந்த குணம் இல்லை. 230 வோல்ட் கொடுத்தால் 100 வாட் எடுக்கும் என்பதுதான் அதன் பொருள். பல்பின் சொந்தக் குணம் அதன் தடை. 230ஐ 230ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 529 ஓம். 40 வாட் பல்புக்கு அதே கணக்கில் 1,322 ஓம். சின்ன வாட் பல்புக்குத்தான் பெரிய தடை, அதன் இழை மெல்லியது.

வீட்டில் இரண்டுக்கும் ஒரே 230 வோல்ட். தடை குறைவான 100 வாட் பல்பு அதிகக் கரண்டை இழுக்கிறது, பிரகாசமாக எரிகிறது. இப்போது இரண்டையும் தொடராக இணையுங்கள். மொத்தத் தடை 1,851 ஓம், கரண்ட் 0.124 ஆம்பியர், இரண்டிலும் அதே கரண்ட். அதைத் தள்ளிக்கொண்டு போக எங்கே தடை அதிகமோ அங்கே அதிக வோல்டேஜ் செலவாகும். 40 வாட் பல்பு 164 வோல்ட் எடுத்துக்கொள்கிறது, 100 வாட் பல்புக்கு மிஞ்சுவது 66 வோல்ட். வாட் கணக்கில் 40 வாட் பல்பில் 20 வாட், 100 வாட் பல்பில் வெறும் 8 வாட். புத்தகம் சொன்னது இதைத்தான்.

நேரில் செய்து பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். இழை சூடாகச் சூடாக அதன் தடை ஏறும். 100 வாட் பல்பை அணைத்து ஆறவிட்டு மல்டிமீட்டர் வைத்தால் 529 ஓம் காட்டாது, 40 ஓம் அளவில்தான் காட்டும். தொடரில் நிற்கும்போது அந்தப் பல்பு சரியாகச் சூடாவதே இல்லை, அதனால் அதன் தடை மேலும் குறைவு, அதன் பங்கு வோல்டேஜும் மேலும் குறைவு. இழை சிவப்பாகக் கனன்றுகொண்டு நிற்கும். ஒன்று சொல்லியாக வேண்டும்: இதெல்லாம் குண்டு பல்புக்கு மட்டும். எல்இடி பல்புக்குள் தனியாக ஒரு டிரைவர் சர்க்யூட் இருக்கிறது, அதை வைத்து இந்தச் சோதனை செய்தால் தலைகால் புரியாது.

எலக்ட்ரிக் கடைகளில் மேஜைமேல் ஒரு பலகையும் அதில் ஒரு 100 வாட் குண்டு பல்பும் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அதுதான் சீரீஸ் போர்டு. ரிப்பேருக்கு வந்த சாமானை நேராக லைனில் மாட்டாமல் அந்தப் பல்போடு தொடராக மாட்டுவார்கள். உள்ளே ஷார்ட் என்றால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், அவ்வளவுதான். ஃபியூஸ் போகாது, நெருப்பு பறக்காது. எவ்வளவு மோசமான ஷார்ட்டாக இருந்தாலும் பல்பின் தடை 0.43 ஆம்பியருக்கு மேல் விடாது. சாமானுக்குள் எங்கோ கம்பி அறுந்திருந்தால் பல்பு எரியவே எரியாது. அயன் பாக்ஸை அதில் மாட்டினால் பல்பு ஏறக்குறைய முழுசாக எரியும், ஆனால் அயன் பாக்ஸ் சூடாகாது. காரணத்தை உங்கள் மகளையே கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பல்புக்கு 209 வோல்ட், அயன் பாக்ஸுக்கு 21 வோல்ட் என்று வந்தால் சரி.

இதுவரை சொன்னது பாடப்புத்தகத்தில் இருப்பது. இனிச் சொல்லப்போகும் இரண்டும் வீட்டுக்கு அவசியம் தெரிந்திருக்க வேண்டியவை என்பது என் அபிப்பிராயம்.

வீட்டு ஒயரிங் பக்க இணைப்பு என்றேன். ஆனால் அதன் ஒவ்வொரு கிளைக்குள்ளும் ஒரு தொடர் ஒளிந்திருக்கிறது. எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாகத் தட்டிவிடும் சுவிட்ச்), ஒயர், சுவிட்ச், சாக்கெட், பிளக் பின், அப்புறம் சாமான். எல்லாம் ஒரே வரிசையில். அதனால்தான் எம்சிபி தட்டினால் அந்தக் கிளை முழுவதும் அணைகிறது, அதைத் தொடரில் வைப்பதே அதற்காகத்தான். ஆனால் இந்த வரிசையில் எங்கேனும் ஒரு லூஸ் கனெக்‌ஷன் வந்தால், கேட்காமலே ஒரு தடை உள்ளே நுழைந்துவிடுகிறது. அரை ஓம் என்று வையுங்கள். கீசரின் 8.7 ஆம்பியர் அந்த அரை ஓம் வழியாகப் போகும்போது 4 வோல்ட்டுக்கு மேல் அங்கேயே இறங்கும். கீசர் நன்றாகத்தான் வேலை செய்யும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஒரு புள்ளியில் மட்டும் 37 வாட் சூடு உருவாகிக்கொண்டிருக்கும். ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் வைத்திருக்கும் சால்டரிங் அயன் 25 வாட்தான். அதைவிடப் பெரிய ஒன்றைப் பிளக்குக்குள் மூடி வைத்த மாதிரி.

பிளக் பின் கருகுவது, சாக்கெட் ஓட்டை பழுப்பாவது, கீசரை அணைத்த கையோடு பிளக்கைத் தொட்டால் சுடுவது, சுவிட்சுக்குள் ‘கிர்’ என்று சத்தம் வருவது எல்லாம் இதன் அடையாளம். எம்சிபி இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் கரண்ட் கூடவில்லை. நான் பார்த்த கருகிய போர்டுகளில் பெரும்பாலானவை ஷார்ட்டால் கருகியவை இல்லை, லூஸால் கருகியவை. சாக்கெட்டை மாற்றுங்கள், ஸ்குரூவை இறுக்கச் சொல்லுங்கள். அதிகச் செலவில்லாத வேலை, தள்ளிப்போடக் கூடாத வேலை.

இரண்டாவது, நியூட்ரல் கட். கத்திரி வெயிலின் நடுவே திடீரென்று காற்றோடு ஒரு மழை அடிக்குமே, அப்படி ஒரு சாயங்காலம் எங்கள் தெருவில் நடந்தது. சில வீடுகளில் விளக்கு மங்கியது. வேறு சில வீடுகளில் பல்பு வெள்ளையாகப் பளிச்சிட்டு, ஃபேன் பறந்து, இரண்டு டிவி புகைந்தது. ஒரே தெரு, ஒரே டிரான்ஸ்பார்மர். நடந்தது என்னவென்றால், வீடுகள் தங்களை அறியாமல் தொடரிணைப்புக்குள் போய்விட்டன.

தெருவுக்கு வருவது மூன்று பேஸ், ஒரு நியூட்ரல். உங்கள் வீடு ஒரு பேஸில், எதிர்வீடு இன்னொரு பேஸில். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட், ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவில் 400 வோல்ட். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் உங்கள் வீட்டுக் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் எதிர்வீட்டு நியூட்ரல் வழியாக அந்த வீட்டுக்குள் நுழைந்து அவர்கள் பேஸுக்குப் போகும். இரண்டு வீடும் 400 வோல்ட்டுக்கு நடுவில் தொடராக நிற்கும். எதிர்வீட்டில் 1,000 வாட் அயன் பாக்ஸ், தடை 53 ஓம். உங்கள் வீட்டில் 100 வாட் எடுக்கும் டிவி மட்டும், தோராயமாக 529 ஓம். எந்தத் தடை பெரிதோ அதற்கே அதிக வோல்டேஜ் என்று மேலே பார்த்தோமே. அயன் பாக்ஸுக்கு 36 வோல்ட், உங்கள் டிவிக்கு 364 வோல்ட். மூன்று பேஸும் பல வீடுகளும் சேர்ந்தால் எண்கள் மாறும், ஆனால் சிக்கனமாகக் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டிருந்த பக்கத்துக்குத்தான் அடி விழும். டிவி புகையும்வரை எம்சிபி தட்டவும் தட்டாது. அந்தக் கணக்கில் ஓடும் கரண்ட் 0.7 ஆம்பியர்கூட இல்லை, எம்சிபி கவனிப்பது கரண்டை மட்டும்.

அதனால் விளக்கு காரணமில்லாமல் மங்கியோ பளிச்சிட்டோ ஆடினால் யோசிக்காமல் மெயினை அணைத்துவிடுங்கள், அப்புறம் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். “நியூட்ரல் போச்சு, எர்த் கம்பியைப் போட்டு ஓட்டிக்கலாம்” என்று யாராவது சொன்னால் தயவுசெய்து விடாதீர்கள். வீட்டில் எர்த் கொடுத்த மின்சாமான் ஒவ்வொன்றின் இரும்பு உடம்பும் அந்த எர்த்தோடு சேர்ந்திருக்கிறது, தொட்டால் ஷாக் அடிக்கலாம்.

பேட்டரியிலும் இதே இரண்டு வழிதான், சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய மூன்று கட்டை டார்ச்சில் 1.5 வோல்ட் கட்டைகள் தொடராக நின்று 4.5 வோல்ட் தருகின்றன. இன்வெர்ட்டருக்கு 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் (Ah, எவ்வளவு கரண்டை எவ்வளவு நேரம் தரும் என்ற அளவு) பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர். பக்கமாக இணைத்தால் 12 வோல்ட், 300 ஆம்பியர்-ஹவர். உள்ளே இருக்கும் ஆற்றல் இரண்டிலும் ஒன்றுதான். பழையதோடு புதியதைச் சேர்க்காதீர்கள். தொடரில் பலவீனமானது முதலில் காலியாகும், பக்க இணைப்பில் புதியது பழையதற்கு ஊட்டிக்கொண்டே தேயும்.

கடைசியாக, உங்கள் மகளுக்கு ஒரு வேலை. வீட்டு மின்சாரத்தில் வேண்டாம். இரண்டு கட்டை பேட்டரி, ஒரே மாதிரியான மூன்று டார்ச் பல்பு, கொஞ்சம் ஒயர், இவை போதும். முதல் பல்பைத் தனியாகவும், அதற்குப் பின்னால் மற்ற இரண்டையும் பக்கம் பக்கமாகவும் இணைக்கச் சொல்லுங்கள். முதல் பல்பு நன்றாகவும் மற்ற இரண்டும் மங்கலாகவும் எரியும். இப்போது அந்த இரண்டில் ஒன்றைக் கழற்றினால் மற்ற இரண்டும் என்ன ஆகும் என்று கழற்றுவதற்கு முன்பே எழுதி வைக்கட்டும். கழற்றியதும் முதல் பல்பு சற்று மங்கும், மிஞ்சிய பல்பு முன்பைவிடப் பிரகாசமாகும். ஒரு வழி மூடியதால் அந்தப் பக்கத்தின் தடை இரு மடங்கானது. மொத்தக் கரண்ட் குறைந்தது, அதனால் முதல் பல்பு மங்கியது. தடை கூடிய பக்கம் வோல்டேஜில் பெரிய பங்கைக் கேட்டு வாங்கியது, அதனால் மிஞ்சிய பல்பு ஏறியது. எண் வேண்டுமென்றால், பல்புகளின் தடை மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், 3 வோல்ட்டில் முன்பு 2க்கு 1 என்று இருந்தது இப்போது ஒன்றரைக்கு ஒன்றரை ஆகியிருக்கும்.